அத்தி தின்ற ஊர்

கொக்கரைப்பட்டிக்குப் போகிற மினிபஸ்ஸில் ஏறினால், கண்டக்டர் டிக்கெட்டைக் கிழிப்பதற்கு முன்னால், "முழிச்சிருக்காங்களான்னு போன் போட்டுக் கேட்டுட்டுத்தான ஏறுனீங்க?" என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வார். கிண்டல் இல்லை, அக்கறைதான். ஒரு தடவை மாப்பிள்ளை வீட்டார் தட்டும் பூவுமாக நிச்சயம் பேச வந்து இறங்கினால் ஊரே குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறது. யாரோ வீட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த பவுன்தாயி கையில் வெற்றிலை பாக்கைக் கொடுத்து, "அவுங்க எந்திரிச்சதும் நாங்க வந்துட்டுப் போனோம்னு சொல்லிருங்கக்கா" என்று அதே பஸ்ஸில் திரும்பிப் போனார்கள். கல்யாணம் அப்புறம் நல்லபடியாகத்தான் நடந்தது, அதில் ஒரு குறையும் இல்லை.

மலையடிவாரத்தில், ஊருக்குக் கிழக்கே, ஓடைக்கு இந்தப் பக்கம் ஓர் அத்தித் தோப்பு. ஓடைக்கரையில் தானாக முளைத்து நிற்கிற நாட்டு அத்தி இல்லை, கன்று வாங்கி வந்து வைத்த சீமை அத்தி. பிளந்தால் உள்ளே செக்கச்செவேல் என்று, விரலில் தேனாக ஒட்டும். தோப்பு பவுன்தாயிக்கும் அவள் புருஷன் கருத்தப்பாண்டிக்கும் சொந்தம் என்று பத்திரம் சொல்லும், ஊரைக் கேட்டால் பவுன்தாயிக்குத்தான் சொந்தம் என்று சொல்லும். கருத்தப்பாண்டி சின்ன வயதில் மாட்டுவண்டியிலிருந்து விழுந்ததில் வலது கால் விந்தல், குடம் தூக்க ஆகாது. அதனால் கிணறு வற்றிப்போன கோடையில் தலையில் ஒன்றும் இடுப்பில் ஒன்றுமாக ஓடை ஊற்றிலிருந்து தண்ணீர் சுமந்து வந்து ஒவ்வொரு கன்றுக்கும் ஊற்றியவள் அவள்தான். மகளைக் கம்பம் டவுனில் கட்டிக் கொடுத்தபோதுகூட அழாதவள், ஒரு கன்று பட்டுப்போனதற்கு ரெண்டு நாள் சோறு தண்ணி இல்லாமல் கிடந்தாள். இத்தனை பாடுபட்டும் அந்தப் பழத்தின் ருசி அவளுக்குத் தெரியாது. அத்திப்பால் பட்டால் போதும், உதடு பணியாரம் மாதிரி உப்பிவிடும். "ஊருக்கெல்லாம் இனிக்கும், எனக்கு மட்டும் எரியும், என் தலையெழுத்து" என்பாள்.

அந்தத் தோப்புக்கு ஒரு பூச்சி உண்டு. சல்லடைப் பூச்சி என்று ஊரில் பேர். பெருவிரல் நகத்துக்குள் அடங்குகிற, வாழைச்சருகு நிறத்து அந்துப்பூச்சி; பொழுது சாய்கிற நேரத்தில் வந்து இலை நரம்போரம் முட்டை வைத்துவிட்டுப் போகும், முட்டையிலிருந்து நூல் மாதிரி புழு வரும், புழு இலைமேல் மெல்லிசாக வலை கட்டி அதற்குள்ளே சொகுசாக உட்கார்ந்து இலையின் மேல்தோலை மட்டும் சுரண்டிச் சுரண்டித் தின்னும், தின்று முடிக்கும்போது நரம்பு மட்டும் மிஞ்சி இலை சல்லடையாகிக் கிடக்கும், பிறகு அதே இலையின் ஓரத்தை மடக்கி வெள்ளையாக ஒரு கூடு கட்டி உள்ளே தூங்கிவிட்டு, எழுந்து வரும்போது மறுபடி அந்துப்பூச்சி. கோடைமழை விழுந்து துளிர் விட்டதும் சித்திரையில் ஒரு சுற்று, ஆடிச் சாரலில் ஒரு சுற்று, புரட்டாசியில் ஒரு சுற்று, கார்த்திகையில் கடைசிச் சுற்று; பனி இறங்கியதும் மரப்பட்டைச் சந்தில் ஒடுங்கிக்கொண்டு தை மாசி முழுக்க ஆடாமல் அசையாமல் கிடக்கும். இதிலெல்லாம் அதிசயம் ஒன்றுமில்லை, எந்த ஊர் அத்தியிலும் பூச்சி இப்படித்தான் பிழைக்கும்.

அதிசயம், முத்தாலம்மன் கோயில் பங்குனித் திருவிழாவில் வந்தது. அந்த வருஷம் மலைவாழை வரத்து இல்லை. பஞ்சாமிர்தத்துக்கு என்ன செய்வது என்று பூசாரி கையைப் பிசைய, கருத்தப்பாண்டி, "நம்ம அத்தி இருக்கே, போடுங்க" என்று கூடை கூடையாகக் கொண்டுவந்து இறக்கிவிட்டார். ஊரே நக்கி நக்கித் தின்றது. பால்குடிப் பிள்ளைகளின் நாக்கிலும் ஒரு துளி தடவினார்கள். பவுன்தாயி மட்டும் கண்ணில் ஒற்றிப் பக்கத்தில் நின்றவள் கையில் கொடுத்துவிட்டாள்.

சித்திரையில் புழு வந்தது. அன்று காலை கொக்கரைப்பட்டியில் தோசை தின்றவர்கள் எல்லாரும் தோசையின் மேல்தோலை மட்டும் சுரண்டித் தின்றுவிட்டு அடித்தோலைத் தட்டிலேயே வைத்துவிட்டார்கள். இட்லியும் அப்படித்தான், சப்பாத்தியும் அப்படித்தான். எவ்வளவு தின்றாலும் பசி அடங்கவில்லை, மாவு அரைத்து மாளவில்லை. புழு கூடு கட்டிய அன்று, பூ வாங்கப் போனவள் பூக்கூடையில் தலைவைத்தும், சவரத்துக்கு உட்கார்ந்தவர் பாதித் தாடியோடும், பாடம் நடத்திக்கொண்டிருந்த டீச்சர் மேசை மேலும், டீச்சரைப் பார்த்துப் பிள்ளைகளும், ஊர் மொத்தமும் தூங்கிப்போனது. ஒரு வாரம் பத்து நாள் தூக்கம், பசியும் இல்லை, தாகமும் இல்லை. அந்துப்பூச்சி கூட்டைக் கிழித்துக்கொண்டு வந்த அன்று சாயங்காலம் எல்லாரும் சோம்பல் முறித்து எழுந்து, பாயைச் சுருட்டிவிட்டு, வாசலுக்கு வந்தால் கால் தரையில் பாவவில்லை. ஒரு சாண் உயரத்தில் நின்றார்கள்.

"என்னப்பா இது?" என்றார் ஊர்த்தலைவர் சங்கிலிமுத்து, தன் மீசையைத் தடவிக்கொண்டே கீழே குனிந்து பார்த்து.

"தரை கொஞ்சம் எறங்கிப் போச்சு போல தலைவரே" என்றார் டீக்கடை மொக்கையன்.

அவ்வளவுதான் விசாரணை. எதனால் என்று கேட்க யாருக்கு நேரம் இருந்தது? அடுத்தடுத்த சுற்றுகளில் பூச்சி பெருகப் பெருக உயரமும் கூடி, சாண் ஆள் உயரமானது, ஆள் உயரம் ஓட்டுக்கூரையானது, கார்த்திகைச் சுற்றில் தென்னைமர உச்சிக்கே போய்விட்டார்கள். பஞ்சாமிர்தத்தின் வேகம் அடுத்த திருவிழா வரைக்கும்தான் என்று தெரிந்ததும், மலைவாழை மலிந்து கிடந்த வருஷத்திலும் அத்திதான் வேண்டும் என்று ஊர்க்கூட்டம் முடிவு செய்தது.

ஊர் பழகிக்கொண்ட அழகைத்தான் சொல்ல வேண்டும். பறக்கிற நாட்களில் லைன்மேன் காலையிலேயே வந்து கரண்டை நிறுத்திவிட்டுப் போனார். தையற்கடைக்காரர் சேலை ஓரத்திலும் பாவாடை ஓரத்திலும் கூழாங்கல் வைத்துத் தைத்துக் கொடுத்தார், இல்லாவிட்டால் மானம் போய்விடும். ஹெட்மாஸ்டர் பரீட்சையைத் தள்ளி வைத்தார். தேங்காய் பறிக்க ஏணி தேவைப்படவில்லை, கோயில் கோபுரத்துக்கு வெள்ளையடிக்கச் சாரம் தேவைப்படவில்லை, ஆடித் தேர் இழுக்கிற வடத்தை மேலேயிருந்து பிடித்து இழுத்ததில் தேர் கொஞ்சம் குதித்துக் குதித்துப் போனது, அம்மனுக்கும் அது பிடித்துத்தான் இருந்தது என்று பூசாரி குறி பார்த்துச் சொன்னார். ஓட்டுக் கேட்டு வந்த கட்சிக்காரர்கள் அண்ணாந்து கும்பிட்டுக் கும்பிட்டுக் கழுத்து சுளுக்கிப்போய்த் திரும்பினார்கள். மாமியாரோடு சண்டை போட்ட மருமகள்கள் அம்மா வீட்டுக்குப் போகாமல் வேப்பமரத்துக்கு மேலே போய் உட்கார்ந்துகொள்ள, மாமியார்களும் பின்னாலேயே போய் அங்கேயும் சண்டையைத் தொடர்ந்தார்கள். தை மாசியில் பூச்சி ஒடுங்கியதும் ஊரும் ஒடுங்கியது. பொழுது விழுந்தால் கம்பளிக்குள் போய்விடுவார்கள், கொட்டாவி விடாமல் ஒருத்தரும் பேசி முடிக்க மாட்டார்கள்.

எல்லாரையும்விட நன்றாகப் பறந்தது கருத்தப்பாண்டிதான். தரையில் ஒரு காலை இழுத்துக்கொண்டு, பஸ் ஸ்டாப் போய்ச் சேருவதற்குள் பஸ்ஸைத் தவறவிடுகிற மனுஷன், மேலே போனதும் அந்தக் காலே இல்லாதவர் மாதிரி, கரிச்சான் குருவி மாதிரி வளைந்து வளைந்து பறந்தார். வாலிபப் பையன்கள் பந்தயம் கட்டித் தோற்றார்கள்.

"ஏ பவுனு! இங்கன இருந்து பாத்தா மேகமலைப் பக்கம் மழை பெய்யறது தெரியுது புள்ள!"

"தெரிஞ்சா என்ன? கொடியில துணி காயுது, அதை எடுத்துப் போட்டுட்டு மழையப் பாருங்க" என்பாள் பவுன்தாயி கீழேயிருந்து. வாய் அப்படிச் சொல்லுமே தவிர, அவர் பறப்பதை அவள் பார்க்கிற பார்வையே வேறு. கல்யாணமான நாளிலிருந்து அவர் முகத்தில் அப்படியொரு சிரிப்பை அவள் பார்த்ததில்லை.

ஆனால் தூங்குகிற நாட்கள் இருக்கிறதே, அது அவள் ஒருத்தியின் பாடு. ஊரில் முழித்திருக்கிற ஒரே ஜீவன் அவள்தான், பஞ்சாமிர்தம் தின்னாதவள். எரிந்துகொண்டிருக்கிற அடுப்பை வீடு வீடாகப் போய் அணைக்க வேண்டும், அத்தனை வீட்டு மாட்டுக்கும் பால் கறக்க வேண்டும், கன்றை விட வேண்டும், குழாயில் தண்ணீர் வந்தால் ஓடி ஓடிக் குடம் மாற்ற வேண்டும், ஆடு போய் யார் முந்தானையையாவது மேய்ந்தால் விரட்ட வேண்டும். "ஊரே பறக்குமாம், நான் சாணி அள்ளணுமாம்" என்று தூங்குகிறவர்களைப் பார்த்துத் திட்டிக்கொண்டே செய்வாள். பதில் சொல்ல ஆளில்லாத ஊரில் திட்டுவதிலும் ஒரு சுகம் இல்லை. பேச்சுத் துணைக்கு ஓர் ஆள் வேண்டும் என்று அவளுக்கு அழுகையாக வரும்.

அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாதது தோப்புக்கு நடந்த அநியாயம்.

பூச்சி கூடினால் உயரம் கூடும் என்று ஊருக்குத் தெரிந்துபோயிற்றே, சும்மா இருப்பார்களா? அதுவரைக்கும் தவிட்டுக்குருவிக் கூட்டமும் கரிச்சானும் வந்து புழுவைக் கொத்தி ஓர் அளவில் வைத்திருந்தன. கொத்தக் கொத்த ஊருக்கு உயரம்தான் குறைந்தது, உசுருக்கு ஒன்றும் இல்லை. அது குருவிக்கும் புழுவுக்கும் உள்ள பழைய உறவு. அந்தக் குருவிகளை ஊர் கவண்கல் வைத்து விரட்டியது. பவுன்தாயி அந்துப்பூச்சி பிடிக்க எரிய வைத்த விளக்குப்பொறியை, ஒரு பூச்சி விழுவதற்குள், யார் அணைத்தார்கள் என்று தெரியாமல் அணைத்தது. அடுத்த ஊர் அத்தியிலிருந்து புழு பிடித்துவந்து இவள் மரத்தில் விட்டவர்களும் உண்டு, அதில் மொக்கையன் முதல் ஆள். விளைவு, மரம் துளிர்த்ததும் சல்லடை, மறுபடி துளிர்த்ததும் மறுபடி சல்லடை. காய் பிஞ்சிலேயே கொட்டியது. கிளை நுனியிலிருந்து காயத் தொடங்கியது.

பவுன்தாயி ஊர்க்கூட்டத்தில் போய் நின்றாள்.

"மரம் சாகுது. குருவிய விரட்டாதீங்க, வெளக்க அணைக்காதீங்க, இவ்வளவுதான் கேக்கேன்."

"தாயி, இந்தக் கார்த்திகையில மலை உச்சிக்கே போயிரலாம்னு ஊரு ஆசப்படுது" என்றார் சங்கிலிமுத்து. "ஒரு சுத்து பொறு."

"உனக்குப் பறக்க முடியலையேன்னு வயித்தெரிச்சல்" என்றார் மொக்கையன்.

பவுன்தாயி திரும்பித் தன் புருஷனைப் பார்த்தாள். கருத்தப்பாண்டி தலையைக் குனிந்துகொண்டு விந்தல் காலின் கட்டைவிரலால் தரையைக் கீறிக்கொண்டிருந்தார். ஊரை எதிர்த்துப் பேசவும் மனசில்லை, பெண்டாட்டியை எதிர்த்துப் பேசவும் வாயில்லை. அவளுக்கு வந்ததே கோபம்! முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு வந்துவிட்டாள்.

மறுநாளே டவுனுக்குப் போய்த் தோட்டக்கலை ஆபீசிலிருந்து ரூபவதி மேடத்தைக் கையோடு கூட்டி வந்தாள். நல்ல பெண், வெயில் பார்க்காமல் மரம் மரமாகப் போய் இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இந்தக் கார்த்திகைச் சுத்துதான்க்கா கடைசி வாய்ப்பு. இத விட்டா பூச்சி பட்டைக்குள்ள போயிரும், சித்திரையில திரும்ப வரும்போது தாங்குறதுக்கு மரத்துல தெம்பு இல்ல. புழு கூடு கட்டித் தூங்குது பாருங்க, அப்ப கூட்டோட எல்லா இலையையும் பறிச்சு, கீழ விழுந்ததையும் கூட்டி, ஒரே இடத்துல போட்டுக் கொளுத்திருங்க. மருந்தே வேணாம்."

"கூட்டுக்குள்ள தூங்கும்போதா?"

"அப்பத்தான் அது எங்கயும் ஓட முடியாது."

மேடம் பஸ் ஏறிப் போய்விட்டாள். புழு தூங்குகிற அந்த வாரத்தில்தான் ஊரும் தூங்கும்.

தூக்கம் வந்தது. கருத்தப்பாண்டி வாசல் வேப்பமரத்தடியில் கட்டிலில் சாய்ந்தபடியே, "பவுனு, எம்மேல கோவமா?" என்று கேட்டு, பதில் வருவதற்குள் தூங்கிப்போனார். அடுத்த நாள் விடிந்ததும் அவள் மாடுகளைப் பார்த்துவிட்டுத் தோப்புக்குப் போய், இலை பறிக்க ஆரம்பித்தாள். பறிக்கப் பறிக்கக் கை எரிந்தது, அத்திப்பால் பட்டு முழங்கை வரை தடித்தது. தோப்பு நடுவில் இலை குன்றாகக் குவிந்தது, இலைக்கு இலை ஒரு வெள்ளைக் கூடு. தீப்பெட்டியை எடுத்தாள். எடுத்தவளுக்கு, மொத்தமாகக் கொளுத்த மட்டும் கை வரவில்லை. ஒரே ஒரு இலையை மட்டும் தனியாக எடுத்து வைத்து ஓரத்தில் நெருப்பை வைத்தாள்.

இலை கருகுகிற வாடை வரவில்லை. முடி பொசுங்குகிற வாடை வந்தது.

அடி ஆத்தி என்று காலால் மிதித்து அணைத்துவிட்டு ஓடினாள். வீடு வீடாக ஓடினாள், கட்டில் கட்டிலாகப் பார்த்தாள், பால்குடிப் பிள்ளைகளைப் புரட்டிப் பார்த்தாள், டீக்கடை பெஞ்சைப் பார்த்தாள், கடைசியில் ஊர்த்தலைவர் வீட்டு முற்றத்துக்கு வந்தால், அங்கே சங்கிலிமுத்து வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருக்கிறார், அவருடைய அந்தப் பேர்பெற்ற மீசையில் இடது பக்கத்தைக் காணோம், மேலுதட்டிலிருந்து ஊதுபத்தி மாதிரி புகை போய்க்கொண்டிருக்கிறது. பவுன்தாயிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஆளில்லாத ஊரில் தனியாக நின்று, சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தாள். அப்புறம் அந்தக் குவியலை நினைத்தாள், சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

வீட்டுக்கு வந்து கட்டிலோரம் உட்கார்ந்தாள். கருத்தப்பாண்டி விந்தல் காலை வயிற்றோடு மடக்கிக்கொண்டு தூங்கினார். குவியலில் அவர் எந்த இலை? மரத்தைப் பார்த்தால் புருஷன் இல்லை, புருஷனைப் பார்த்தால் மரம் இல்லை.

"எந்திரிச்சு ஒரு வார்த்த சொல்லிட்டுப் படுத்தா என்னவாம்?" என்றாள். அவர் குறட்டை விட்டார்.

தீப்பெட்டியைக் கிணற்றில் எறிந்துவிட்டு, கூடையை எடுத்தாள். கொளுத்தவும் முடியாது, மரத்தடியில் விடவும் முடியாது. வேறு என்ன, சுமக்க வேண்டியதுதான். ஓடைக்கு அந்தப் பக்கம் கிழட்டு நாட்டு அத்தி ஒன்று நின்றது, சொரசொரத்த தடித்த இலை, எத்தனையோ தலைமுறைப் பூச்சிக்குச் சோறு போட்ட மரம், இந்தப் பூச்சியெல்லாம் அதற்குத் தூசி. இவர்கள் விரட்டியடித்த தவிட்டுக்குருவிகளும் அங்கேதான் குடியேறியிருந்தன. அதன் அடியில் கொண்டுபோய் ஒவ்வொரு இலையாகப் பரப்பினாள். கூடையை உலுக்கவில்லை, கவிழ்க்கவில்லை, ஓடைக்கல் வழுக்கினால் தான் விழுந்தாலும் கூடை விழாமல் பார்த்துக்கொண்டாள், ஏனென்றால் எது யார் என்று தெரியாது. டீச்சராக இருக்கலாம், டீச்சர் மேசையடியில் தூங்குகிற பிள்ளையாக இருக்கலாம். "வயித்தெரிச்சல்னு சொன்னியே மொக்கையா, நீயும் இதுக்குள்ளதான இருக்க? வந்து தொல" என்று சொல்லிச் சொல்லிச் சுமந்தாள். காலையில் மாடு, பகலெல்லாம் இலை, சாயங்காலம் மாடு, விடிந்தால் மறுபடியும் இலை. கால் வெடித்தது, கை வீங்கியது. கடைசிக் கூடையை இறக்கிய அன்று அந்த மரத்தடிப் பாறையிலேயே சாய்ந்தவள், ஊரைவிட அசந்து அவளும் தூங்கிப்போனாள்.

சாயங்காலம் கூடு கிழிந்தது. ஊர் எழுந்தது, மேலே போனது. எப்போதும் பூச்சி இருக்கிற பக்கம்தான் அவர்களை இழுக்கும். அதனால் இத்தனை நாளும் தோப்புக்கு நேர் மேலேயே சுற்றிக்கொண்டு மலையை வேடிக்கை பார்த்தவர்கள், காலுக்குக் கீழே இருப்பதைப் பார்க்காதவர்கள், அன்றைக்கு ஓடைப்பக்கம் இழுபட்டுப் போனார்கள். போய்த் திரும்பிப் பார்த்தார்கள். சாயங்கால வெயிலில் தோப்பு தெரிந்தது. ஓர் இலை இல்லை. குச்சி குச்சியாக, சுட்டுப்போட்ட காடு மாதிரி நின்றது. அவர்களுக்கு நேர் கீழே பாறையில் பவுன்தாயி, பக்கத்தில் காலிக் கூடை, பாளம் பாளமாக வெடித்த பாதம்.

கருத்தப்பாண்டிதான் முதலில் இறங்கினார். இறங்கினார் என்ன, விழுந்தார், அந்த விந்தல் காலிலேயே விழுந்தார்.

"பவுனு. ஏ பவுனு."

அவள் கண்ணைத் திறந்தாள். "மாட்டுக்குத் தண்ணி காட்டலீங்க" என்றாள்.

அப்புறம் சங்கிலிமுத்து மெல்ல இறங்கி வந்தார். உதட்டைத் தடவிக்கொண்டே, "தாயி, என் மீச ஒரு பக்கம்..." என்று இழுத்தார்.

"நான்தான் தலைவரே. தூங்குற பூச்சியக் கொளுத்துனா மரம் பொழைக்கும்னு மேடம் சொன்னாங்க. ஒரு எலையக் கொளுத்திப் பாத்தேன், உங்க மீச பத்துச்சு. விட்டுட்டுத் தூக்கிட்டு வந்தேன்."

"மொத்தத்தையுமா?"

"பாதியத் தூக்கி என்ன செய்ய? எந்தப் பாதி நீங்கன்னு எனக்கென்ன தெரியும்?"

சங்கிலிமுத்து உதட்டிலிருந்து கையை எடுத்தார். மறுநாள் மீதி மீசையையும் எடுத்துவிட்டார், இன்றைக்கு வரைக்கும் வைக்கவில்லை. மொக்கையன் அங்கேயே அந்தரத்தில் நின்று மூக்கைச் சிந்தி, "மதினி, நான் ஒரு மடப்பய" என்றார். "அது தெரிஞ்சதுதான்" என்றாள் பவுன்தாயி.

மலை உச்சிக்குப் போக வேண்டும் என்று நேர்ந்துகொண்டிருந்தவர்கள் அந்தச் சுற்றில் மலைப்பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. பறக்கிற நாள் அத்தனையும், கண்மாய் வண்டலையும் மாட்டெருவையும் கூடை கூடையாக வானத்து வழியே சுமந்து வந்து தோப்பில் கொட்டினார்கள். மண் சுமந்து வரிசையாகப் பறந்து போகிற சனத்தை மினிபஸ் நின்று வேடிக்கை பார்த்தது. கவண்கள் அடுப்பில் போயின. பங்குனித் திருவிழாவுக்கு முன்னால் ஊர் கூடி, இனிமேல் ஒவ்வொரு வருஷமும் தெருவுக்கு ஓர் ஆள் முறை வைத்துப் பஞ்சாமிர்தம் தின்னாமல் இருப்பது, மாடு கன்றைப் பார்த்துக்கொள்வது என்று பேசி முடித்தது. கீழத்தெருவுக்குத்தான் பவுன்தாயி இருக்கிறாளே என்று அங்கே யாரையும் போடவில்லை.

மரம் பிழைத்துக்கொண்டது. பங்குனியில் துளிரும் காயுமாக நின்றது, குருவிகள் பாதி அங்கும் பாதி இங்குமாகக் குடித்தனம் நடத்தின, கொஞ்சமாகப் பழமும் பழுத்தது. பஞ்சாமிர்தம் கொடுத்த அன்று கருத்தப்பாண்டி கூட்டத்தில் பின்னாலேயே நின்றார். பவுன்தாயி பார்த்துவிட்டாள். தோப்புக்குப் போய், நல்ல பழமாக ஒன்றைச் சேலைத் தலைப்பால் பிடித்துப் பறித்து வந்து, பஞ்சாமிர்தத்தில் தோய்த்து அவர் முன்னால் நீட்டினாள்.

"வாயத் தெறங்க."

"இந்த வருசம் வேணாம் புள்ள."

"ஏன் வேணாம்? மேல போனாத்தான் உங்களுக்குக் கால் நோவு மறக்குது. நான் கீழருந்து பாத்துக்கிடுதேன், எனக்கு அதுவே போதும். தெறங்கன்னா."

திறந்தார், போட்டாள், மென்றார். கன்னம் உப்ப மென்றுகொண்டே, கிணற்றடியில் கை கழுவப் போகிறேன் என்று காலை இழுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனார்.

சித்திரையில் புழு வந்தது. ஊரோடு ஊராகக் கருத்தப்பாண்டியும் தோசையின் மேல்தோலைச் சுரண்டிச் சுரண்டித் தின்றார். அவள் அடுத்த தோசையைத் திருப்பிப் போட்டுவிட்டுப் பார்த்தால் தட்டில் அடித்தோலையும் காணோம். "காக்கா கொண்டுட்டுப் போயிருச்சு" என்றார். வீட்டுக்குள்ளே ஏது காக்கா என்று கேட்க அவளுக்கு அப்போது தோன்றவில்லை, மாவு அரைக்கிற வேலை தலைக்கு மேல் கிடந்தது.

புழு கூடு கட்டிய அன்று வழக்கம்போல், முறைக்காரர்கள் போக எல்லாரும் சாய்ந்தார்கள். அவரும் கட்டிலில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். அவள் போர்வையை இழுத்து விட்டுவிட்டு, நாளையிலிருந்து வீட்டில் பேச்சுத் துணைக்கு ஆளில்லை என்று நினைத்துக்கொண்டே படுத்தாள்.

விடிந்ததும் பால் சொம்பைத் தேடினாள், காணோம். மாட்டுக்கொட்டகையில் சர்ர் சர்ர் என்று சொம்பில் பால் விழுகிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால், விந்தல் காலை நீட்டி ஒரு பலகையில் உட்கார்ந்து, மாடு உதைக்குமோ என்று பயந்து பயந்து, கருத்தப்பாண்டி கறந்துகொண்டிருக்கிறார்.

"தூங்கல?"

அவர் திரும்பவில்லை. "அத்தி எனக்கும் ஒத்துக்கல பவுனு" என்றார். "தின்னதும் ஒதடு எரிஞ்சுது. வீங்கிருக்கு, வேணா பாரு."

பவுன்தாயி கிட்டே போனாள். முகவாயைப் பிடித்துத் திருப்பி, விடிகிற வெளிச்சத்தில் நன்றாகப் பார்த்தாள். எப்போதும் இருக்கிற உதடுதான், எப்போதும் இருக்கிற மாதிரிதான் இருந்தது.

"ஆமா," என்றாள், "நல்லாவே வீங்கிருக்கு."